ஒத்துப் பார்த்தவர்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவரிடம் எந்த விஷயத்தையும் ஒரே தடவையில் சொல்லி முடிக்க இயலாது. நாங்கள் சொன்னதை அவர் அப்படியே திருப்பிச் சொல்லுவார். பிறகு "சரியோ அண்ணை?" என்பார். நான் ஓம் என்று சொன்ன பிறகுதான் படியிறங்குவார்.

"தம்பி, வியாழக்கிழமை குப்பை எடுக்க வருவாங்கள். பச்சைப் பெட்டியையும் நீலப் பெட்டியையும் ரோட்டுக்கரையிலை வைச்சுவிடும்."

"வியாழக்கிழமை. பச்சை, நீலம். கறுப்பு இல்லை. சரியோ அண்ணை?"

"கறுப்பைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லையே!"

"அதுதான் கேக்கிறன். இல்லை எண்டதாலை சொல்லேல்லையோ, மறந்துபோய்ச் சொல்லேல்லையோ?"

என் மனைவிக்கு இது பெரிய விளையாட்டு. அவர் வேலையால் வரும் நேரம் பார்த்துப் படிவாசலில் நிற்பாள்.

"தம்பி, கை கால் கழுவிப்போட்டு மேலை வாரும். இண்டைக்கு இடியப்பமும் சொதியும்."

"இடியப்பம், சொதி. சரியோ அக்கா?"

"பிழை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்."

மனிதர் திகைத்துப் போவார். தன் காதில்தான் ஏதோ பிசகு என்று முகம் வாடிவிடும். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பதைக் கண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். "உந்தப் பகிடி மட்டும் வேண்டாம் அக்கா. எனக்கு நெஞ்சு அடைக்குது" என்பார். அதைப் பகிடியாகச் சொல்லுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மெலிந்த மனிதர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி போவார். பனிக்காலத்தில் அவர் கால்தடம் எங்கள் வாசலிலிருந்து முனைக்கும் முனையிலிருந்து வாசலுக்குமாக மாறிமாறிக் கிடக்கும். இதனால் அவர் தவறவிட்ட ரயில்கள் கொஞ்சமல்ல.

அவருடைய வேலையும் அதற்கேற்றதாகத்தான் அமைந்தது. டவுன்டவுனில் ஒரு கொம்பனி. படம் பிடிக்கிறவர்கள் அன்றன்று பிடித்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் மலைபோலப் பெரிய ஃபைல். அதை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்குப் பிசகில்லாமல் கொப்பி பண்ணிக் கொடுப்பது இவர் பொறுப்பு. நான் பாண் தொழிற்சாலையில் மாவோடு நிற்கிறவன். எனக்கு உது என்ன பெரிய வேலை என்று இருந்தது. ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"இழுத்து அங்கை போட்டால் கொப்பி ஆகுது. மருமக்கள் எல்லாரும் உதைச் செய்யுதுகள். இதுக்கு ஒரு சம்பளமோ தம்பி?"

அவர் கோபிக்கவில்லை. அவருக்குப் பிடித்த பேச்சை நான் எடுத்துவிட்டேன் என்று முகமே சொல்லிற்று.

"சின்னதெண்டால் அப்பிடிச் செய்யலாம் அண்ணை. பெரிசெண்டால் இடையிலை எங்கையாவது தவறும். தவறினதைக் கணினி சொல்லாது. பேரும் சரியா இருக்கும், அளவும் சரியா இருக்கும், உள்ளுக்கை மட்டும் பழுது. அதுக்குத்தான் பைதன் எண்ட மொழியிலை நான் கட்டளை எழுதி வைச்சிருக்கிறன். அது முழுக்க ஒரேயடியாய்த் தூக்காது. வாளி வாளியாய் அள்ளி ஊத்தும். வாசிக்க ஏலாத இடம் வந்தால் நிண்டு அடிபடாது. அந்த இடத்தை வெறுமையாய் விட்டுப்போட்டு முன்னாலை போகும். முடிவு வரைக்கும் போன பிறகு திரும்ப வந்து, விட்ட இடங்களை ஆறுதலாய், திருப்பித் திருப்பி வாசிக்கும்."

"அதோடை முடிஞ்சுதோ?"

"எங்கை முடிஞ்சுது! பிறகுதான் ரெண்டையும் முதலிலையிருந்து ஒத்துப் பாக்கிறது. ரெண்டுக்கும் ஒவ்வொரு எண் வரும். உள்ளுக்கை ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிப்போம். ஒத்து வந்தால்தான் அதுக்கு உண்மையான பேரை வைப்பன். அதுவரைக்கும் வேறொரு தற்காலிகப் பேர்தான்."

"முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிச்சுப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி" என்றாள் மனைவி குசினியிலிருந்து.

"அதேதான் அக்கா!" என்று அவர் துள்ளினார். இவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்பும் நான் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

அவருக்குப் பக்கத்து நகரமான ஒஷாவாவில் பெண்சாதியும் ஒரு மகளும் இருந்தார்கள். பிரிந்து வந்துவிட்டார். சண்டையில்லை, அடிபிடியில்லை. "என்ன காரணம் தம்பி?" என்று கேட்டதற்கு, "அவ என்ன சொன்னாலும் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தன் அண்ணை. ஒருநாள் சொன்னா, என்னையும் ஒத்துப் பாக்கிறியள், என்னாலை ஏலாது எண்டு" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கதையை எடுக்கவில்லை.

அவர்மேல் எனக்கு ஒரேயொரு நாள் பொல்லாத வெறுப்பு வந்தது. மனைவிக்கு நுரையீரலில் வருத்தம் முற்றி, எங்களை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். என் ஆங்கிலம் போதாது என்று அவரைக் கூட்டிப்போனேன். டொக்டர் நெடுநேரம் மெல்லிய குரலில் கதைத்தார். டொக்டர்கள் அப்படித்தான், பஞ்சுக்குள் பொதிந்துதான் தருவார்கள். நானும் அந்தப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இவர் விடவில்லை. ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார்: இனி வைத்தியம் இல்லை, நோவைக் குறைக்கிறது மட்டும்தான், நான் விளங்கிக்கொண்டது சரியோ? டொக்டர் தலையைக் குனிந்து, சரி என்றார். அந்தளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கியது. மனைவிக்கும் விளங்கியது. அவள்தான் முதலில் எழும்பினாள். "வாங்கோ போவம். தம்பிக்கு வேலைக்கு நேரமாகுது" என்றாள்.

அவளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கீதம் படித்தவள் அல்ல. ஆனால் சாமி அறையில் அவள் பதிகம் பாடினால் தெருவில் போகிறவர்கள் நிற்பார்கள். வருத்தம் என்று பிடிபடுவதற்கு முந்தைய வருடம், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவளுடைய பெரியக்காவுக்குக் கண் சத்திரசிகிச்சை. பெரியக்காதான் தாயில்லாத அவளை வளர்த்தவ. அந்தக் கண் நல்லபடி பார்வைக்கு வந்தால், பதிகங்களை இருந்த இருப்பில் எழும்பாமல், இடையில் நிறுத்தாமல் பாடி முடிக்கிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தாள். பார்வை வந்தது. நேர்த்தியை நிறைவேற்றிய அன்று அவளுடைய தம்பி சிவம் கமராவைக் கொண்டுவந்து சாமி அறையில் பொருத்தினான். சிவம் பிக்கரிங்கில் இருக்கிறான். சனி ஞாயிறுகளில் கலியாண வீடு, சாமத்திய வீடுகளுக்குப் படம் பிடிக்கிறவன்.

"அக்கா, ஒவ்வொரு பதிகம் முடிய ஒருக்கால் நிப்பாட்டு. சின்னச் சின்ன ஃபைலாய் எடுக்கலாம்" என்று அவன் கேட்டானாம். "தொடங்கினதை இடையிலை நிப்பாட்டக் கூடாதடா" என்று அவள் சொல்லிவிட்டாள். ஆகையால் காலை முழுவதும் பாடியது ஒரே ஃபைலாக விழுந்தது. அதை ஒரு பழைய டிஸ்க்கில் போட்டு அலுமாரியில் வைத்தான். பிறகு வெட்டி ஒட்டி வடிவாக்குவோம் என்று வைத்தவன் மறந்துபோனான். அவள் போய்விட்டாள்.

பெரியக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. செத்தவீட்டை டெலிபோனில்தான் பார்த்தா. அதனால் முதலாம் வருட ஆட்டத்திவசத்தை ஊரிலேயே செய்வதென்று முடிவாயிற்று. சிவம் போவதாக ஏற்றுக்கொண்டான். பெரியக்கா ஒன்றைத்தான் கேட்டா: "அவள் எனக்காகப் பாடின நேர்த்தியை முழுக்க ஒருக்கால் கேக்கோணும்."

பயணத்துக்கு முந்திய நாள்தான் சிவம் கொப்பி பண்ணித் தரச்சொல்லி அந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தான்.

"இதைப்போலை வேறை எத்தினை இருக்கு?" என்று எங்கள் பேஸ்மென்ட்காரர் கேட்டார்.

"உது ஒண்டுதான்."

அவர் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளுக்குள் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. "இது கடைசி மூச்சு விடுது. ஏன் அண்ணை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றார். வேலைக்கு லீவு சொன்னார். தன் கட்டளையை ஓடவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முன்பு வாசல் தாண்டவேண்டும் என்று ஐயர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். சிவம் பெட்டியெல்லாம் காரில் ஏற்றிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு கீழே இறங்கினான். நானும் பின்னால் போனேன். திரையில் நூறு என்று நின்றது.

"நூறு வந்திட்டுது! பிறகென்ன? கழட்டும்."

"இல்லை சிவம் அண்ணை. ஒருக்கால் முடிவு வரைக்கும் போயிருக்கு, அவ்வளவுதான். நடுவிலை வாசிக்க ஏலாமல் விட்ட இடங்கள் கனக்க இருக்கு. இப்பதான் திரும்ப வந்து ஒவ்வொண்டாய் வாசிக்குது. கொஞ்ச நேரம் தாங்கோ."

"எவ்வளவு நேரம்?"

"அது தெரியாது. டிஸ்க் விடுகிற மாதிரித்தான்."

"தெரியாதெண்டால்? ராகுகாலம் உமக்காகப் பாத்துக்கொண்டு நிக்குமோ? அத்தான், நீங்கள் சொல்லுங்கோ இவருக்கு."

நானும் ராகுகாலத்தில் ஊசி நூல்கூட வாங்காதவன்தான். இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் சிவம் இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்து இழுத்தான். புது டிஸ்க் அவன் கைக்கு வந்தது. பழையது மேசை விளிம்பில் ஒருமுறை தொங்கி, சீமெந்துத் தரையில் விழுந்தது. அவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தார். எட்டவில்லை.

"ஒண்டும் ஆகாது. இரும்புதானே" என்றான் சிவம். புதியதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினான். தேங்காய் உடைத்து, சில்லுக்கடியில் தேசிக்காய் நசித்து, கார் வெளிக்கிட்டது. பழைய டிஸ்க் தட்டுவதையும் நிறுத்திவிட்டது என்று கண்டதும் அவர் வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடி வந்து டெலிபோன் எடுத்தார்.

"சிவம் அண்ணை, திரும்பி வாங்கோ. உங்களிட்டை இருக்கிறது பாதிதான். அதையாவது நான் ஒருக்கால் பாத்துத் தாறன்."

"வெளிக்கிட்டாப் பிறகு திரும்பி வாறேல்லை எண்டு உமக்குத் தெரியாதே? நல்ல காரியத்துக்குப் போறன், குறுக்கை நிக்காதையும்" என்று அவன் வைத்துவிட்டான்.

பழையதை அவர் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். உள்ளே தட்டு சுரண்டுப்பட்டுப் போயிற்று, இனிக் கடவுள்தான் என்றார்களாம்.

ஆட்டத்திவசத்தன்று படையல் முடிய, ஊரில் பெரிய டீவியில் போட்டார்கள். இங்கே என் குசினி மேசையில் டெலிபோனைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் அவரும் இருந்தோம். அவள் குரல் வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது. இரண்டு பதிகம் போயிருக்கும். மூன்றாவதில், ஒரு சொல்லின் பாதியில், சட்டென்று நின்றது.

"ஹலோ? லைன் போயிட்டுதோ? ஹலோ, அத்தான்?" என்று சிவம் கத்தினான்.

"லைன் இருக்குது" என்றார் இவர். "அதுக்குள்ளை ஒண்டும் இல்லை."

திரை கறுப்பாக இருந்ததாம். ஆட்கள் எழும்பி நடக்கும் சத்தம், கதிரை இழுபடும் சத்தம் எல்லாம் கேட்டன. நெடுநேரம் கழித்து அவள் குரல் மறுபடி வந்தது, கடைசிப் பதிகத்தின் நடுவில். வாழ்த்துப் பாடி முடித்தாள்.

அதன் பிறகு பெரியக்கா கதைத்தா. அழவில்லை. அழுதிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அவள் இடையிலை நிப்பாட்டமாட்டாளே. மூச்சு ஏலாமல்தான் நிப்பாட்டியிருக்கிறாள். எனக்காக நேர்ந்த நேர்த்தி முறிஞ்சுபோச்சு. அதுதான் பிள்ளையை அடுத்த வருசம் கொண்டுபோட்டுது. என்ரை கண்ணுக்குத்தான் அவளைக் குடுத்தனான்."

இவர் டெலிபோனை மேசையிலிருந்து பறித்தெடுத்தார். "இல்லை அம்மா. அக்கா நிப்பாட்டேல்லை. இது எங்கடை பிழை. கொப்பியிலை வந்த பிழை. ஒருத்தர் பாடாமல் இருந்தாலும் கமராவிலை சத்தம் இருக்கும், மூச்சு இருக்கும், விளக்குத் திரி வெடிக்கிறது இருக்கும். இஞ்சை அதுகூட இல்லை. வெறும் பூச்சியம் அம்மா, வெறும் பூச்சியம்."

"நீர் நல்ல பிள்ளை. கிழவியை ஆறுதல்படுத்தப் பாக்கிறீர்" என்றா பெரியக்கா.

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஊருக்கு அழைப்பார். நான் பூசை முடித்துத் தேத்தண்ணி போடும் நேரம் கீழேயிருந்து குரல் கேட்கும். வாளியால் அள்ளுவதைச் சொல்லுவார். எண்களைச் சொல்லுவார். பெரியக்கா பொறுமையாகக் கேட்பாவாம். கேட்டு முடிய, சாப்பிட்டீரோ தம்பி என்பாவாம். வாழ்நாள் முழுக்க ஒன்றையும் நம்பாமல் ஒத்துப் பார்த்தவர், இப்போது ஒருவர் தன்னை நம்பவேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த ஆதாரம் எல்லாம் அங்கே அன்பாகத்தான் போய்ச் சேர்ந்தது.

வேலைக்குப் போவது குறைந்தது. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பதை விட்டுவிட்டார். சில நாட்களில் பூட்டாமலே போனார். சாப்பிட வாரும் என்றால் ஓம் என்பார், அவ்வளவுதான். வரமாட்டார். நான் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

ஒருநாள் மேலே வந்து கேட்டார்: "அண்ணை, அண்டைக்கு அக்கா பாடேக்கை கிட்ட இருந்து கேட்டது ஆர்? அவவுக்குச் சொல்ல ஒரு சாட்சி வேணும்."

நான் யோசித்தேன். அன்று எனக்குக் காலை வேலை. இவர் டவுன்டவுனில். சிவத்துக்கு அழைத்துக் கேட்டோம். "நான் கமராவை ஓடவிட்டிட்டு ஒரு கலியாண வீட்டுக்கு லைட் குடுக்கப் போயிட்டன் அத்தான். பின்னேரம்தான் வந்து கழட்டினனான்" என்றான்.

வேறு ஒருவரும் வீட்டில் இல்லை.

பெரியக்கா தைப்பூசம் கழிந்த கிழமை போய்ச் சேர்ந்தா. அதற்கு முன்பு தன் காப்பை விற்று, தங்கை முறித்த நேர்த்திக்குப் பிராயச்சித்தம் என்று ஊர்க் கோயிலில் அபிஷேகம் செய்வித்தாவாம். செய்தியைச் சொல்லக் கீழே இறங்கினேன். அவர் கட்டிலில் இருந்தார். மேசையில் கணினி இல்லை, மூடிக் கட்டி வைத்திருந்தார்.

"நம்பாமலே போயிட்டா" என்றார்.

"என்ன செய்யிறது தம்பி. எல்லாம் அவன் செயல்."

"நீங்கள் நம்புறியளோ அண்ணை? அக்கா நிப்பாட்டேல்லை எண்டு?"

"ஓம்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழும்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாத முடிவில் வீட்டை விட்டுவிட்டார். வீட்டுத் திறப்பைக் கையில் தந்தபோது எங்கே போகிறீர் என்று கேட்டேன். இன்னும் தெரியாது என்றார். டெலிபோன் நம்பரை மாற்றிவிட்டார் போலிருக்கிறது, அழைத்தால் போகவில்லை.

பதிவில் விழுந்த அந்தத் துளைக்குள் இருப்பது பூச்சியம் என்று அவர் சொன்னது உண்மைதான். அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பூச்சியம் விழுந்த நேரத்தில் அவள் பாடிக்கொண்டுதான் இருந்தாளா என்பது அவருடைய எண்களுக்கும் தெரியாது. அந்த மாதம் அவளுக்கு இருமல் தொடங்கியிருந்தது. படியேறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதை நான் அவரிடமும் சொல்லவில்லை, பெரியக்காவிடமும் சொல்லவில்லை.

பின்னேரம் விளக்கு வைக்கப் போகிறேன். பிள்ளையாரிடம் மருமக்களுக்காகக் கேட்கிறேன், வேலைக்காகக் கேட்கிறேன், என் முழங்கால் நோவுக்குக்கூடக் கேட்கிறேன். அன்றைக்கு அவள் பாடியதை முழுக்கக் கேட்டவர் பிள்ளையார் ஒருவர்தான். அவரிடம் அதை மட்டும் நான் கேட்பதில்லை.